பதினான்காம் வாரத்து மார்க்

உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது, அதனால் இதை நின்றுகொண்டே எழுதுகிறேன். எடை போடும் அறையில் இருக்கிற மேசை என் தொப்புள் உயரம். நின்று எழுத அதைவிட வசதியான மேசை இந்தக் கிடங்கில் இல்லை. வலி இடது பக்கம் தொடங்கி, தொடைக்குப் பின்னால் இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே வந்து நின்றுவிடும். அதற்குக் கீழே போக அதற்கே சோம்பல். பதினோரு வருடம் கல் தூக்கினவனுக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஐயா, விசாரணைக்கு வந்து நீங்கள் கொடுத்துவிட்டுப் போன படிவத்தில் 'சம்பவ விவரம்' என்று போட்டு, அதற்குக் கீழே மூன்று கோடு இழுத்திருக்கிறீர்கள். மூன்று கோட்டில் அடங்குகிற சம்பவம் எதுவும் எங்கள் கிடங்கில் நடந்ததில்லை. ஆகவே எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, குண்டூசி குத்தி இணைக்கிறேன். முன்பக்கத்தில் இருக்கும் எடைகளைக் கண்டுகொள்ள வேண்டாம். அவை உண்மை இல்லை.

நான் கேட்கப்போவது ஒரே ஒரு திருத்தம். அது என்னவென்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆட்டம் என்ன என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். உங்களைப் பார்த்தால் பந்து பார்க்கிற ஆளாகத் தெரியவில்லை. சட்டை அவ்வளவு சுத்தம்.

இந்தப் பக்கம் எட்டு வேலையிடங்களுக்கு எட்டு கால்பந்து அணிகள். எங்கள் கட்டடப் பொருள் கிடங்கு, பஸ் ஷெட், மாவு மில், அச்சகம், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம், இன்னும் மூன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆட்டம், மொத்தம் பதினான்கு வாரம். அது காலால் ஆடுவது. அதே பதினான்கு வாரமும் நாங்கள் கேன்டீனில் இன்னொன்று ஆடுகிறோம், அது காகிதத்தில். ஃபேன்டசி லீக் என்று உலகம் முழுக்க ஃபோனில் ஆடுகிறார்களே, அதையே நாங்கள் கேன்டீன் போர்டில் சாக்பீஸால் எழுதி ஆடுகிறோம். எட்டு அணிகளிலிருந்தும் உங்களுக்குப் பிடித்த ஐந்து பேரைப் பொறுக்கிச் சீட்டில் எழுதி, வியாழக்கிழமை மதியம் ஒரு மணிக்குள் கேன்டீன் அக்காவிடம் கொடுக்க வேண்டும். ஒரு மணிக்கு மேல் கடவுள் வந்து கேட்டாலும் சீட்டு மாறாது. கோல் போட்டவனுக்கு ஐந்து மார்க், கோலுக்குப் பந்து கொடுத்தவனுக்கு மூன்று, ஒரு கோலும் வாங்காத கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, ஆறு. ஐந்து பேரில் ஒருவனைக் கேப்டன் என்று வட்டம் போட்டால் அவன் மார்க் இரட்டிப்பு. கிடங்கில் இருபத்திரண்டு பேர் ஆடினோம்.

பரிசு என்ன என்று கேட்பீர்கள். சிமெண்ட்.

வாரத்துக்கு மூன்று சிமெண்ட் லாரி வரும். இறக்க ஆறு பேர் வேண்டும். முன்பெல்லாம் யார் இறக்குவது என்று ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சண்டை, சண்டைக்கு ஒரு பஞ்சாயத்து, பஞ்சாயத்துக்கு ஒரு டீ. மேஸ்திரி வெறுத்துப்போய், 'இனிமே உங்க பந்துக் கணக்கே முடிவு பண்ணட்டும்' என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்தந்த வாரம் மார்க்கில் கடைசி ஆறு பேர் மறுவாரம் சிமெண்ட் இறக்குவார்கள். சீசன் முடிவில் முதலில் வருகிறவன் அடுத்த சீசன் முழுக்கச் சிமெண்ட் பக்கமே போக வேண்டாம். கோப்பை கிடையாது, மாலை கிடையாது. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்காமல் ஒரு சீசன். கோப்பையை வைத்து என்ன செய்வது, அதற்கும் துடைக்க ஓர் ஆள் வேண்டும்.

என் அப்பாவும் மூட்டை தூக்கினவர்தான். ஐம்பத்திரண்டு வயதில் செத்தார். செத்த பிறகு அவரை நேராகப் படுக்க வைக்க நான்கு பேர் அழுத்த வேண்டியிருந்தது. போன மழைக்காலத்தில் டாக்டர் என் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இன்னொரு சீசன் சிமெண்ட் தூக்கினால் கால் மரத்துப்போகும் என்றார். ரெஸ்ட் எடுங்க என்றும் சொன்னார். படித்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு அதிகம்.

என்னைக் கிடங்கில் 'வானிலை' என்பார்கள். யார் ஜெயிப்பார்கள் என்று நான் சொன்னால் பெரும்பாலும் நடக்கும், அதனால் வந்த பெயர். 'என்ன வானிலை, ஞாயித்துக்கெழம குடை எடுத்துக்கணுமா?' என்று கேட்பார்கள். எனக்குப் பந்து உதைக்கத் தெரியாது. உதைக்கத் தெரிந்தவன் பந்தைப் பார்ப்பான், நான் ஆளைப் பார்ப்பேன். மாவு மில் கோலிக்குக் குழந்தை பிறந்த வாரம் அவன் மூன்று கோல் வாங்குவான் என்று சொன்னேன், நான்கு வாங்கினான். அச்சகத்துத் தடுப்பாட்டக்காரன் மாமியார் வீட்டில் தங்கியிருக்கிற வாரம் யாரையாவது மிதிப்பான் என்றேன், இரண்டு பேரை மிதித்தான். இதெல்லாம் ஜோசியம் இல்லை. யாருக்கு எங்கே வலிக்கிறது, யார் எதை வழக்கமாகச் செய்வான் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டையும் இணைத்திருக்கிறேன். திருப்பித் தந்தால் உபகாரம்.

இப்போது ஆளுக்கு வருகிறேன். எங்கள் அணியின் முன்னணி ஆட்டக்காரனுக்கு 'லெஃப்ட்டு' என்று பெயர். இடது காலால் அடித்தால் பந்து எங்கே போகும் என்று பந்துக்கே கடைசிவரை தெரியாது. சராசரி பார்த்தால் வாரத்துக்கு எட்டு மார்க், கேப்டனாக வட்டம் போட்டால் பதினாறு. கிடங்கில் எல்லோர் சீட்டிலும் அவன்தான் கேப்டன். ஒரே ஆள் அவனை எடுக்க மாட்டான், அது அவனேதான். 'நம்மள நாமளே எடுத்துக்குறது அசிங்கமா இருக்கு மச்சான்' என்பான். அந்த அசிங்கத்துக்கு வெட்கப்பட்டு மாதத்தில் ஒரு வாரமாவது கடைசி ஆறில் வந்து சிமெண்ட் இறக்குவான். நல்லவன் என்பதற்கு எங்கள் கிடங்கில் இதைவிட எளிய விளக்கம் கிடையாது.

மச்சான் என்றது என்னைத்தான். அவன் என் தங்கையின் கணவன். அவளை அவனுக்குக் கட்டிக் கொடுத்ததே நான்தான். 'அவன்மேல் யாருக்காவது விரோதம் உண்டா' என்று உங்கள் படிவத்தில் நான்காவது கேள்வி. இல்லை. எல்லோருக்கும் அவனைப் பிடிக்கும். எனக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பிடிக்கும்.

ஐந்தாவது வாரம் என் கணிப்பு மொத்தமும் தப்பி நான் கடைசி ஆறில் விழுந்தேன். பதினான்கு வாரத்தில் அந்த ஒரு தடவைதான். இடுப்பு அப்போதுதான் பிடித்திருந்தது. திங்கட்கிழமை காலையில் லாரிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். லெஃப்ட்டு வந்து என் தோளில் கிடந்த சாக்கை உருவி எடுத்தான். 'நீ போய்ப் பேப்பரப் பாரு மச்சான், இத நான் பாத்துக்கறேன். அப்புறம் எனக்கு ஒரு வாரம் நீ எறக்கு, கணக்கு முடிஞ்சிரும்' என்றான். மூன்று லாரியையும் எனக்குப் பதில் அவனே இறக்கினான். அந்த வாரம் மழை. நனைந்த சிமெண்ட் அவன் பூட்ஸின் தையலைத் தின்றுவிட்டது. முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் அது. அதற்குப் பிறகு அதைக் கம்பி போட்டுக் கட்டிக்கொண்டு நடந்தான். இந்தப் பூட்ஸை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நான் வைத்துக்கொள்ளவில்லை.

விதிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேன்டீன் அக்கா பழைய காலண்டர் தாளின் பின்னால் ஐந்து விதி எழுதி ஒட்டியிருந்தார். ஆறாவது, மூன்றாம் வாரத்தில் வந்தது. அச்சகத்து ஆள் ஒருவன் தாள் வெட்டும் எந்திரத்தில் விரல் நுனியைக் கொடுத்துவிட்டு அந்த ஞாயிறு ஆடவில்லை. அவனை எடுக்காத எங்கள் கிரேன்காரருக்கு அதனால் மார்க் வரிசையில் இடம் ஏறியது, அவர் டீ குடிக்கும்போது சந்தோஷத்தில் விசிலடித்தார். அக்கா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார்.

'ஒருத்தன் ரத்தத்துல இன்னொருத்தனுக்கு மார்க்கா? என் போர்டுல அது நடக்காது' என்றார்.

அதுதான் ஆறாவது விதி. வேலையில் அடிபட்டு ஒருவன் ஆடாமல் போனால் அந்த வாரம் யாருக்கும் மார்க் கிடையாது. இப்படி மொட்டையாக எழுதினால் சுளுக்குக்கும் நகச்சுற்றுக்கும் வாரத்தை அழிக்க வேண்டிவரும் என்று நான்தான் எடுத்துச் சொன்னேன். அந்தந்த வேலையிடத்து விபத்துப் பதிவேட்டில் 'விபத்து' என்று ஏறியிருந்தால் மட்டும் என்று சேர்க்கச் சொன்னேன். வானிலை சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று அக்கா சேர்த்தார். உங்களுக்கே தெரியும், மூன்று நாளுக்கு மேல் வேலைக்கு வராவிட்டால்தான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். வீக்கம், ரத்தக்கட்டு, நகம் பெயர்வது இதெல்லாம் எங்கள் கிடங்கில் காயம் இல்லை. வருகைப் பதிவு மாதிரி.

பதின்மூன்று வாரம் முடிந்தபோது போர்டில் கிரேன்காரர் இருநூற்று அறுபத்து மூன்று. நான் இருநூற்று ஐம்பத்து நான்கு. மற்றவர்கள் எல்லாம் பின்னால், வெகு பின்னால். ஒன்பது மார்க் வித்தியாசம், ஒரே வாரம் பாக்கி.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். அவர் சீட்டிலும் லெஃப்ட்டு கேப்டன், என் சீட்டிலும் லெஃப்ட்டு கேப்டன் என்றால், லெஃப்ட்டு இருபது கோல் போட்டாலும் எங்கள் இருவருக்கும் ஒரே மார்க்தான் ஏறும். வித்தியாசம் அப்படியே நிற்கும், மற்ற நால்வரை வைத்து மட்டும் ஒன்பதை எட்டுவது நடக்காத காரியம். அவரைத் தாண்ட ஒரே வழி, லெஃப்ட்டை நான் எடுக்காமல் இருக்க வேண்டும், லெஃப்ட்டும் ஆடாமல் இருக்க வேண்டும். இது என் விருப்பம் இல்லை, கணக்கு. கூட்டல் கழித்தல்மேல் யாரும் கோபப்பட முடியாது.

புதன்கிழமை கேன்டீனில் என் கணிப்பைச் சொன்னேன். கடைசி ஆட்டம் எங்களுக்கும் பஸ் ஷெட்டுக்கும். பஸ் ஷெட் கோலி ஒரு கோலும் வாங்க மாட்டான், என் கேப்டன் அவன்தான் என்றேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு சிரிப்பு.

'வானிலைக்குக் காய்ச்சல்' என்றார் கிரேன்காரர்.

'லெஃப்ட்டு என்ன, அன்னைக்கி எங்களுக்கு ஸ்கோர் எழுதவா வரான்?' என்றார் மேஸ்திரி.

லெஃப்ட்டும் சிரித்தான். 'மச்சான் எதிரணிக்குப் போயிட்டாரு, இனி வீட்ல சோறு கெடையாது' என்றான். தட்டில் அவன் பங்கு முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தான். இது கடைசி முட்டை என்றான். நான் சாப்பிட்டேன். நன்றாக வெந்திருந்தது.

வியாழக்கிழமை பன்னிரண்டு ஐம்பதுக்குச் சீட்டைக் கொடுத்தேன். இருபத்திரண்டு சீட்டில் இருபதில் லெஃப்ட்டு கேப்டன். மீதி இரண்டு, அவனுடையதும் என்னுடையதும். ஒரு மணிக்கு அக்கா டப்பாவை மூடினார். சம்பவம் மூன்றே கால் மணிக்கு. இந்த வரிசையைக் குறித்துக்கொள்ளுங்கள். மூடிய பிறகு யாரும் மாற்ற முடியாது என்பதை நான் மதித்தேன்.

கேன்டீன் சுவரில் கம்பெனி ஒட்டிய ஒரு படம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். மூன்று கை, ஒன்றின்மேல் ஒன்று. கீழே 'குழுவாக உழைப்போம்'. மூன்று கையிலும் ஒரு காய்ப்பு இல்லை. குழு என்றால் என்ன என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன். கொட்டகைக்குள் கிரேன் வராது. அங்கே பலகைக்கல்லை இரண்டு பேர் தண்டு போட்டுத் தூக்குவோம். ஒரு மரத்தண்டு, முன்னால் ஒருவன் தோள், பின்னால் ஒருவன் தோள், நடுவில் கயிற்றில் தொங்குகிற நூற்றிருபது கிலோ கல். முன்னால் போகிறவனை முன்தோள் என்போம். அவனுக்குப் பாதை தெரியும், முதுகுக்குப் பின்னால் இருக்கிற கல் தெரியாது. பின்தோளுக்குக் கல் தெரியும், முன்தோளின் காலும் தெரியும். கயிற்றின் வால் பின்தோளின் கையில்தான் இருக்கும். இறக்குமிடத்தில் இருவரும் முட்டியை மடக்குவோம். கல் தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும். கீழே இரண்டு மரக்கட்டை போட்டிருக்க வேண்டும், கல் அதன்மேல்தான் உட்கார வேண்டும். முன்தோள் தன் காலை எடுத்துக்கொண்டு 'சரி' என்று சொல்வான். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் பின்தோள் வாலைத் தளர்த்துவான். கிடங்கில் எழுதாத சட்டம் அது ஒன்றுதான். பெண்டாட்டியிடம் பொய் சொல்லலாம், மேஸ்திரியிடம் பொய் சொல்லியே ஆக வேண்டும். 'சரி' வராமல் கயிறு விடக்கூடாது.

பதினோரு வருடமாக லெஃப்ட்டு முன்தோள், நான் பின்தோள்.

அவனுக்கு ஒரு பழக்கம். கட்டை கோணலாகக் கிடந்தால் நாங்கள் எல்லாம் கல்லை மறுபடி உயர்த்தி, மூன்றாவது ஆளைக் கூப்பிட்டுக் கட்டையை நேராக்குவோம். லெஃப்ட்டு கூப்பிட மாட்டான். பாதி திரும்பி, இடது காலின் உள்பக்கத்தால், பந்தை நிறுத்துவது போல ஒரு தட்டு தட்டுவான். கட்டை நேராகிவிடும். ஒன்று, இரண்டு எண்ணும் நேரம் அவன் பாதத்தின் முன்பாதி கல்லுக்கு அடியில் இருக்கும். மேஸ்திரி எத்தனையோ தடவை திட்டியிருக்கிறார். இது என் நோட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் இருக்கிறது.

அன்றைக்குப் பின்கொட்டகையில் ஆறாவது கல். இறக்குமிடத்துக்கு வந்தோம். முட்டியை மடக்கினோம். கட்டை இரண்டும் நேராகத்தான் கிடந்தன.

'கட்டை கொஞ்சம் கோணலா இருக்கு மாப்ள' என்றேன்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நான் சொன்னால் அவன் பார்ப்பதில்லை. எனக்குத் தெரியும்தானே என்று விட்டுவிடுவான். பாதி திரும்பினான், இடது கால் உள்ளே போனது, நேராக இருந்த கட்டை விலகியது. ஒன்று என்று எண்ணினேன். வாலை விட்டேன்.

கை வழுக்கவில்லை. இடுப்பு பிடிக்கவில்லை. கயிறு புதுக் கயிறு. நீங்கள் அதைச் சோதனைக்கு எடுத்துப்போனதாகச் சொன்னார்கள், பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

என் கணிப்பு இதுதான்: இரும்பு முனை பூட்ஸ் விரல்களைக் காப்பாற்றும், அதற்குப் பின்னால் மேல்பாதம் வீங்கும், வெள்ளி சனி இரண்டு நாள் ஐஸ், ஞாயிறு ஆட முடியாது, திங்கள் நொண்டிக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான். மூன்று நாளைத் தாண்டாது, பதிவேட்டில் ஏறாது. ஒரு ரத்தக்கட்டு. நான் அவனுக்கு வைத்த விலை அவ்வளவுதான். அதற்குமேல் ஒரு நகம்கூடக் கேட்கவில்லை.

ஆனால் அன்று காலை கம்பியும் விட்டுப்போய், பூட்ஸைத் தைக்கக் கொடுத்துவிட்டு, அவன் துணி ஷூவில் வந்திருந்தான். சாயந்திரம் அப்படியே பயிற்சிக்குப் போகலாம் என்று. காலையிலிருந்து ஐந்து கல் அவன் பின்னால் நடந்தேன், அந்தக் காலைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன், ஷூவைப் பார்க்கவில்லை. காகித ஆட்டம் ஆடுகிற எவனும் முதலில் கற்றுக்கொள்வது, கடைசி நிமிட அணிச் செய்தியைப் பார்க்காமல் பட்டியல் போடாதே என்பதுதான். நான் பார்க்காமல் போட்டேன். என் தரப்பில் தவறு என்றால் அது. அதை மறைக்கப்போவதில்லை.

அவன் கத்தவில்லை. 'மச்சான், கல்லு' என்றான். ரொம்ப மெதுவாக, ஏதோ எனக்குத் தெரியாத விஷயத்தைச் சொல்வது போல. இரண்டு பேர் ஓடிவந்து கடப்பாரை போட்டு நெம்பினார்கள். நானும் நெம்பினேன். அன்று சாயந்திரமே ஆஸ்பத்திரியில் இடது பாதத்தின் முன்பாதியை எடுத்துவிட்டார்கள். குதிகால் இருக்கிறது. நிற்கலாமாம், பழகினால் நடக்கலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் மைதானத்துக்குப் போனேன். கிடங்கிலிருந்து பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள். யாராவது மார்க் குறிக்க வேண்டுமே. எங்கள் அணி பதினோரு பேரும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு ஆடினார்கள். செத்தவனுக்குக் கட்டுவதை உயிரோடு இருப்பவனுக்கு ஏன் கட்டினார்கள் என்று தெரியவில்லை. உணர்ச்சி அதிகமானால் பந்து காலில் நிற்காது. மூன்றுக்குப் பூஜ்யம். பஸ் ஷெட் கோலி குளிரில் நடுங்கினதைத் தவிர வேறு வேலை செய்யவில்லை. அவனுக்கு ஆறு, கேப்டன் என்பதால் பன்னிரண்டு. மாவு மில் ஆள் இரண்டு கோல், பத்து. சலவைக்கூடத்து ஆள் ஒரு பந்து கொடுத்தான், மூன்று. எனக்கு மொத்தம் இருபத்தைந்து. கிரேன்காரருக்குப் பன்னிரண்டு. கூட்டிப் பாருங்கள். அவர் இருநூற்று எழுபத்தைந்து, நான் இருநூற்று எழுபத்தொன்பது. நான்கு மார்க்கில் முதலிடம். இந்த ஆட்டத்தில் இப்படி ஒரு கணிப்பு இதற்குமுன் யாரும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை காலை அக்கா ஈரத்துணியை எடுத்துப் பதினான்காம் வாரத்தை மொத்தமாகத் துடைத்துவிட்டார். மேஸ்திரி பதிவேட்டில் 'விபத்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆறாவது விதி. என்னால் வாய் திறக்க முடியவில்லை, அதில் பாதி வார்த்தை என்னுடையது. கிரேன்காரர் முதலிடம். அவர் போர்டைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்குய்யா வேணும் இது என்றார். வேண்டாம் என்றால் விட்டுக்கொடுக்கலாம். அதையும் செய்யவில்லை.

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்வைக்குள் இடது கால் சீக்கிரமே முடிந்துவிட்டது. லெஃப்ட்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான். என்னைப் பார்த்ததும் உட்காரப் போனான், நான் வேண்டாம் என்றேன்.

'மச்சான், ஒண்ணு கேக்கணும். நான் சரி சொன்னேனா?'

நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

'எனக்கு ஞாபகமே வரல. சொல்லியிருப்பேன். சொல்லாம நீ விட்டிருக்க மாட்டே.'

மறுநாள் உங்களிடமும் அதையே சொல்லியிருக்கிறான். 'நான்தான் சரி சொல்லிட்டு கால எடுக்க மறந்துட்டேன், மச்சான்மேல தப்பில்ல' என்று. நீங்களும் அதை அழகாகத் தட்டச்சு செய்து, அவனுடைய கவனக்குறைவால் நேர்ந்த விபத்து என்று முடித்துவிட்டீர்கள். அவன் சொன்னது பொய். வேண்டுமென்று சொன்ன பொய் இல்லை, என்மேல் இருந்த நம்பிக்கையில் சொன்னது. ஆனால் நம்பிக்கையைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளும் விசாரணையை நான் இப்போதுதான் பார்க்கிறேன். நீங்கள் சம்பளம் வாங்குகிறவர், இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம்.

அந்த வாரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புதன்கிழமை தங்கை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்து டிபன் பாக்ஸைத் திறந்து என் முன்னால் வைத்தாள். கண் வீங்கியிருந்தது. அவளே ஆறு நாளாகத் தூங்கவில்லை.

'அவரு கால நெனச்சு நீ பட்டினி கெடக்காதே அண்ணா. அவரே தேறிட்டாரு. நீதான் இப்பிடி ஆயிட்டே' என்றாள்.

நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த நான்கு மார்க்கை. அவளிடம் அதைச் சொல்லி என்ன, அவளுக்கு ஆட்டம் புரியாது. உருட்டிக் கொடுத்தாள், சாப்பிட்டேன்.

அதன்பிறகுதான் யோசித்தேன். விதி தெளிவாக இருக்கிறது. பதிவேட்டில் 'விபத்து' என்று ஏறியிருந்தால் மட்டும் வாரம் அழியும். அது விபத்து என்று யார் சொன்னது? மேஸ்திரி அப்போது கொட்டகையில் இல்லை. லெஃப்ட்டுக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் கயிற்றைப் பார்த்தீர்கள், கையைப் பார்க்கவில்லை. அங்கே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான். அது விபத்து இல்லை. கட்டை நேராக இருந்தது, கோணல் என்று சொன்னேன், கால் உள்ளே போகும் என்று தெரிந்து காத்திருந்து, 'சரி' வருமுன் கயிற்றை விட்டேன். முழு நினைவோடு விட்டேன்.

ஆகவே நான் முதலில் சொன்ன அந்த ஒரு திருத்தம் இதுதான். விபத்துப் பதிவேட்டில் அந்த வியாழக்கிழமைக்கு எதிரே இருக்கும் 'விபத்து' என்ற சொல்லை அடித்துவிட வேண்டும். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்பது உங்கள் வேலை, உங்களுக்கு அதற்கெல்லாம் சொல் வைத்திருப்பார்கள். போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள், நான் எடை அறையில்தான் இருப்பேன். அவர்கள் வருவதற்குள் இதில் ஒரு நகல் எடுத்துக் கேன்டீன் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள், அவர் பதினான்காம் வாரத்தைத் திரும்ப எழுத வேண்டும். நான் போகிற இடத்தில் சிமெண்ட் லாரி வராமல் இருக்கலாம். இருந்தாலும் எனக்கு விலக்கு என்பது எழுத்தில் இருக்கட்டும்.

எல்லாவற்றையும் சொன்ன பிறகு ஒன்றை மட்டும் மறைத்தால் அது நேர்மை இல்லை. ஐந்தாம் வாரம் எனக்குப் பதில் லெஃப்ட்டு இறக்கிய சிமெண்ட், மூன்று லாரி. அவனுக்கு ஒரு வாரம் நான் இறக்கித் தர வேண்டும் என்று பேச்சு. இன்னும் தரவில்லை. அவனுக்கு நான் தர வேண்டியது அது ஒன்றுதான்.